டர்போவுக்குப் பீங்கான் பூச்சு: வெப்பத்தை அடைப்பதா, விடுவதா?

டர்போசார்ஜர் பூட்டிய எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பத்தை என்ன செய்வது? உள்ளேயே அடைத்து டர்பைனுக்குக் கொடுப்பதா, சீக்கிரமாக வெளியே விட்டு உலோகத்தைக் காப்பாற்றுவதா? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்தக் கேள்வி உடன் வருகிறது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் பல. பீங்கான் பூச்சு அவற்றுள் ஒன்று. அதிகம் புகழப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

டிராக் பந்தயத்துக்கு வண்டி கட்டுபவருக்கு இந்தக் கேள்வி கூர்மையாகவே வந்து நிற்கிறது. 402 மீட்டர் நேர்ப்பாதை; நல்ல வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி. லாரி எஞ்சினுக்கும் விமான எஞ்சினுக்கும் சொல்லப்பட்ட முடிவுகளை இவ்வளவு குறுகிய நேரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்தக் கட்டுரை அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் டிராக் பந்தயத்துக்கென்று ஓடுதளம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக்கோ வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டும். ஆனாலும் இந்தக் கேள்வியின் இரு முனைகளும் இங்கே இருக்கின்றன. மாவட்டத்தின் தென்கோடியில் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், ராக்கெட்டுகளின் டர்பைன்களைச் சுழற்றிச் சோதிக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தில் பழையகாயல். அங்கே பூச்சின் மூலப்பொருளான சிர்கோனியம் ஆக்சைடு உற்பத்தியாகிறது.

எதைப் பூசுகிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கார் பெயின்ட் பளபளக்கக் கடைகளில் செய்யும் செராமிக் கோட்டிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சிலிக்கா கலந்த மெல்லிய மேற்பூச்சு. டர்போவின் சூட்டில் நிற்காது.

டர்போவுக்கு வருவதில் இரண்டு வகை. ஒன்று, ஸ்பிரே துப்பாக்கியால் அடித்து அடுப்பில் வேகவைக்கும் பூச்சு. கனம் பொதுவாக 0.03 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். விலை குறைவு, வேலை எளிது. பட்டறைகளில் பெரும்பாலும் புழங்குவது இதுதான். இன்னொன்று, பிளாஸ்மா ஸ்பிரே. சிர்கோனியா எனப்படும் சிர்கோனியம் ஆக்சைடின் பொடியை மின்வில்லின் தழலில் உருக்கி, உலோகத்தின் மீது வேகமாக மோதவிட்டு, 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கு அடுக்காகப் படியவைப்பது. அடியில் நிக்கல், குரோமியம், அலுமினியம், இட்ரியம் கலந்த பிடிப்புப் பூச்சு ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் பாதிச் சண்டை.

சிர்கோனியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. பிளாஸ்மா முறையில் படிந்த சிர்கோனியா ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1 வாட் வெப்பத்தைத்தான் கடத்தும். வார்ப்பிரும்பு அதைப்போல் நாற்பது மடங்கு கடத்தும். ஆனால் தூய சிர்கோனியா 1,170 டிகிரி செல்சியஸ் வட்டாரத்தில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். கன அளவு நான்கைந்து சதவீதம் மாறி, பூச்சு நொறுங்கிவிடும். 1970-களில் அமெரிக்க நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டெஃபன் ஸ்டெகுரா செய்த சோதனைகள், 6 முதல் 8 சதவீதம் வரை இட்ரியா கலந்தால் பூச்சு அதிக நாள் நிற்பதைக் காட்டின. இன்றும் உலகெங்கும் அடிப்படைக் கலவை அதுதான்.

அந்தச் சிர்கோனியம் எங்கிருந்து வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடற்கரைக்கு வந்து சேர்ந்த கனமணலில், இல்மனைட்டோடும் கார்னட்டோடும் சிர்கோனியத்தின் தாதுவான சிர்கானும் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளுக்கு இது பழைய செய்தி. தாது மணல் எடுப்பு பெரும் சர்ச்சையாகி, தனியார் எடுப்புக்கு 2013-இல் தமிழக அரசு தடை விதித்ததும் நினைவிருக்கும். பழையகாயலில் 2009 முதல் இயங்கும் சிர்கோனியம் வளாகம், அணுசக்தித் துறையின் அணு எரிபொருள் நிறுவனத்தைச் சேர்ந்தது. சிர்கானிலிருந்து முதலில் ஆக்சைடு, அதிலிருந்து சிர்கோனியம் ஸ்பாஞ்ச் என்பது அங்குள்ள வரிசை. அந்த உலோகம் அணு உலை எரிபொருளுக்கு உறையாகப் போகிறது. பந்தய வண்டிக்கு அல்ல. ஆனால் பொருள் ஒன்றுதான்.

அடைக்கச் சொன்னவர்கள்

வெப்பத்தை உள்ளே வைத்திருப்பதே வழி என்று மிகத் தீவிரமாக வாதிட்டவர்கள், அமெரிக்கக் கம்மின்ஸ் நிறுவனத்தின் ராய் காமோவும் அந்நாட்டு ராணுவ வாகனப் பிரிவின் வால்டர் பிரைசிக்கும். 1978 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளின் அடிப்படை எளிது. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குளிர்விக்கும் நீருக்குப் போகிறது. எரியறையின் சுவர்களைப் பீங்கானால் காப்பிட்டால் அந்த இழப்பு நிற்கும், ரேடியேட்டரே வேண்டாம். ரேடியேட்டர் இல்லாத ஐந்து டன் ராணுவ லாரி ஒன்றை ஓட்டியும் காட்டினார்கள்.

இதில் டர்போக்காரர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சுவரில் அடைத்த வெப்பம் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறவில்லை. எக்ஸாஸ்ட்டில் கூடுதல் சூடாக வெளியேறியது. ஆகவேதான் அவர்கள் திட்டத்தில், வெளியேறும் வாயுவிலிருந்து மறுபடி ஆற்றல் பிடிக்க ஒரு டர்பைன் தேவைப்பட்டது. காப்பிட்டால் லாபம் டர்பைனுக்கு என்ற முடிவு அங்கேயே பிறந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் இந்தச் சிந்தனை வேரூன்றியது. பிஸ்டன் தலையில் சிர்கோனியா பூசி, புன்னை எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய் டீசலில் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுகள் இங்கே பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

மறுத்தவர்கள்

1987-இல் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் வோஷ்னியும் சகாக்களும் நேர் எதிரான முடிவை வெளியிட்டார்கள். காப்பிட்ட பிஸ்டனோடு ஓட்டியபோது எரிபொருள் செலவு குறையவில்லை, கூடியது. சுவர் சூடாக இருக்கும்போது வாயுவிலிருந்து சுவருக்கு வெப்பம் கடத்தப்படும் விதமே தீவிரமாகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பகுதியில் கருத்து வேறுபாடு இல்லை: சூடான சுவர் உள்ளே வரும் காற்றையும் சூடாக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பெட்ரோல் எஞ்சினில் அது எரிபொருள் தானே வெடிக்கும் நாக்கிங்கையும் வரவழைக்கும்.

டொயோட்டா 2015-இல் கொண்டுவந்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் இதற்கு ஒரு நடுவழி கண்டது. பிஸ்டன் தலையில் சிலிக்காவால் வலுவூட்டிய, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய அலுமினா படலம். எரியும்போது உடனே சூடேறி, காற்று வரும்போது உடனே ஆறும். இந்தியாவில் ஃபார்ச்சூனரின் டீசல் வகையில் ஓடுவது இந்த எஞ்சின்தான்.

இந்த விவாதத்தை அப்படியே டர்போவுக்கு இழுப்பது தவறு என்பது என் துணிபு. வோஷ்னியின் ஆட்சேபம் எரியறைக்கு உரியது. எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டிய பிறகு உள்ளே வரும் காற்று அங்கே இல்லை, நாக்கிங் இல்லை. எனவே பிஸ்டனில் தோற்ற வாதம் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டில் தோற்க வேண்டியதில்லை. அதேபோல், பிஸ்டன் பூச்சில் கிடைத்த சதவீதங்களைக் காட்டி டர்போ பூச்சை விற்பதும் செல்லாது.

மறுபக்கத்தில் என்ன இருக்கிறது?

மூன்றாவது மரபு ராக்கெட், விமானக்காரர்களுடையது. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் எஞ்சின் அறையில் 1960-களிலேயே சிர்கோனியா பூசப்பட்டது. 1976-இல் நாசா, ஜே-75 ஜெட் எஞ்சினின் டர்பைன் இலைகளில் அதைச் சோதித்தது. இன்று பயணிகள் ஜெட் விமானங்களின் எஞ்சின்களில் அந்தப் பூச்சு பரவலாக இருக்கிறது. விளம்பரங்களில் ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்று வருவது இந்த வெற்றியைக் காட்டித்தான்.

ஆனால் அந்த வெற்றியின் பாதிக் காரணம் பூச்சுக்குப் பின்னால் இருக்கிறது. எக்ஸ்-15 அறையின் குழாய்களுக்குள் அம்மோனியா ஓடியது. ஜெட் டர்பைனின் இலைக்குள் குளிர்காற்று ஓடுகிறது. ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் குளிர்ச்சி. நடுவில் பூச்சு நின்றால் வெப்பநிலை அதன் குறுக்கே விழுகிறது, உலோகம் தப்பிக்கிறது. மறுபக்கக் குளிர்ச்சி இல்லாவிட்டால், கொஞ்ச நேரத்தில் பூச்சும் உலோகமும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சி.இ-20 கிரையோஜெனிக் எஞ்சின், 3,000 டிகிரி வட்டாரத்து வாயுவைத் தாங்குவது, அறைச் சுவரின் கால்வாய்களில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன் பாய்வதால்தான்.

கார் டர்போவின் டர்பைன் சக்கரத்துக்குள் எதுவும் ஓடுவதில்லை. அதன் மேல் பூச்சு பூசினால் சூடேறுவதைச் சிறிது தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு அதில் பயனில்லை. டிராக் வண்டிக்கோ தாமதமே பயன் என்று வாதிடலாம். அந்த வாதத்துக்குக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து வினாடிக்கு ஒரு கணக்கு

ஐந்நூறு குதிரைத் திறன் வட்டாரத்தில் ஒரு பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முழு விசையில் வினாடிக்கு ஏறத்தாழ 0.4 கிலோ வாயு வெளியேறும். வெப்பநிலை 950 டிகிரி. அந்த வாயு சுமந்து செல்லும் வெப்ப ஆற்றல் 400 கிலோவாட்டுக்கு மேல். மேனிஃபோல்ட், டர்பைன் ஹவுசிங் இரண்டின் உட்பரப்பையும் சேர்த்து 0.1 சதுர மீட்டர் என்று வைத்தால், சுவர் வழியே போகும் இழப்பு 30 முதல் 60 கிலோவாட் வரை இருக்கலாம்.

0.2 மில்லிமீட்டர் சிர்கோனியாவை உட்புறம் பூசினால் என்ன ஆகும்? வெப்பத்தைத் தடுப்பதில் பூச்சு மட்டும் தனியாக நிற்பதில்லை. வாயுவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய வாயுப் படலம் ஏற்கெனவே பெரிய தடை. அதோடு பூச்சின் தடையைக் கூட்டினால் இழப்பு 10 முதல் 17 சதவீதம் வரை குறையும். அதாவது மூன்று முதல் பத்து கிலோவாட். டர்பைனுக்குள் நுழையும் வாயு ஏழெட்டு டிகிரியிலிருந்து இருபது டிகிரி வரை கூடுதல் சூடாக இருக்கும். டர்பைன் செய்யும் வேலை வாயுவின் தனிவெப்பநிலைக்கு ஏற்ப உயர்வதால், ஆதாயம் அரை சதவீதம் முதல் இரண்டு சதவீதத்துக்குள். ஸ்பிரே அடித்த 0.03 மில்லிமீட்டர் பூச்சுக்கு இதே கணக்கைப் போட்டால் இழப்பு இரண்டு மூன்று சதவீதம்தான் குறையும். அதன் விளைவைத் திறன் அளக்கும் டைனோவில் பிரித்துப் பார்ப்பது கடினம். இவை மேலோட்டமான எண்கள். மேனிஃபோல்டின் வடிவத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆனால் அளவின் வரிசை மாறாது.

இதைவிட முக்கியமான ஒன்று வேஸ்ட்கேட். டர்போ ஏற்றும் காற்றழுத்தமான பூஸ்ட் நிர்ணயித்த அளவை எட்டியதும் வேஸ்ட்கேட் திறந்து, டர்பைனுக்கு வேண்டாத வாயுவை வெளியே விடுகிறது. அந்த நிலையில் பூச்சு சேமித்துக் கொடுக்கும் கூடுதல் ஆற்றலும் அதே வழியாகத்தான் போகும். எதிரழுத்தம் சிறிது குறையலாம். அதற்கு மேல் முழு பூஸ்ட்டில் பூச்சு குதிரைத் திறனைக் கூட்டும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

ஆதாயம் இருக்குமானால் பச்சை விளக்குக்கு முன்னால். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது வாயுவின் ஓட்டம் குறைவு. அதே சுவர், குறைந்த வாயு, ஆகவே இழப்பின் பங்கு மிக அதிகம். டர்போ சுழன்று எழும் அந்த ஓரிரு வினாடிகளில்தான் டர்பைனுக்கு ஒவ்வொரு டிகிரியும் தேவை, வேஸ்ட்கேட்டும் மூடியிருக்கும். பெரிய டர்போ போட்ட வண்டிகள் புறப்படும்போது பூஸ்ட் இல்லாமல் தவிப்பதைக் குறைக்கப் பூச்சு உதவும் என்று சொல்பவர்கள், கொள்கை அளவில் சரியான இடத்தில் நிற்கிறார்கள். லாஞ்ச் கன்ட்ரோலில் பற்றவைப்பைத் தாமதப்படுத்தி எக்ஸாஸ்ட்டைச் சூடாக்கும் வண்டியில் அந்த ஆதாயமும் மங்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளா, வெளியா?

பூச்சு எந்தப் பக்கம் என்பதைப் பலர் இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். விளைவு நேரெதிர். உள்ளே பூசினால், வெளிப்பக்கம் காற்றில் ஆறிக்கொண்டிருப்பதால் உலோகம் குளிர்ச்சியாக இருக்கும். வெளியே மட்டும் பூசினால், அல்லது டர்போ பிளாங்கெட் என்னும் வெப்பக் காப்புப் போர்வையைச் சுற்றினால், வாயுவின் சூடு முழுவதும் உலோகத்தில் தங்கும். வார்ப்பிரும்பு ஹவுசிங் விரிசல் விடுவதற்கு அது ஒரு வழி.

வெளிப்பூச்சு செய்வதும் வேறு வேலை. 700 டிகிரியில் தகதகக்கும் ஹவுசிங் ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவாட் அளவுக்குக் கதிர்வீச்சாகவே வெளியிடும். காற்று எடுத்துச் செல்வது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. எனவே வெளிப்பூச்சின் தரம் அது எவ்வளவு கனம் என்பதில் இல்லை. மேற்பரப்பு எவ்வளவு குறைவாகக் கதிர்வீசுகிறது என்பதில் இருக்கிறது. அலுமினியம் கலந்து வெள்ளி நிறமாக இருக்கும் பூச்சு இதில் கறுப்புப் பூச்சை முந்தும். கம்ப்ரசர், எண்ணெய்க் குழாய், ஒயரிங் ஆகியவற்றைக் காப்பதில் வெளிப்பூச்சும் பிளாங்கெட்டும் நன்றாகவே பலன் தருகின்றன. மே மாத வெயிலில் வண்டி வரிசையில் காத்து நிற்கும்போது இது சிறிய விஷயமல்ல.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டால், அடைபட்ட அந்தச் சூடு பேரிங்குக்குள் இறங்கி எண்ணெயைக் கரியாக்கும். பிளாங்கெட் போட்ட வண்டிக்கு ஆறவிடும் நேரம் கூடுதலாக வேண்டும்.

இடைவெளியும் விரிசலும்

பூச்சை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம், அது உதிர்ந்தால் என்ன என்பது. மேனிஃபோல்டின் உள்ளே கழன்ற துண்டு நேராக டர்பைன் இலையில்தான் போய் மோதும். துருப்பிடிக்காத எஃகு மேனிஃபோல்டில் இந்த ஆபத்து கூடுதல். அந்த எஃகு சிர்கோனியாவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். வார்ப்பிரும்பின் விரிவு சிர்கோனியாவுக்கு நெருக்கமானது. நீண்ட ஓட்டத்தைவிட, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சூடேறி ஆறும் டிராக் வண்டியின் சுழற்சிதான் பூச்சைக் கழற்றும்.

இலை முனைக்கும் ஹவுசிங்குக்கும் இடையே கார் டர்போவில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே 0.2 மில்லிமீட்டர் பூச்சைச் சேர்த்தால் சக்கரம் உரசும். விவரமறிந்தவர்கள் அந்த வளைவை மறைத்துவிட்டுத்தான் பூசுவார்கள். இடைவெளியையும் வெப்ப விரிவையும் தவறாகக் கணித்தால் என்ன நேரும் என்பதற்கு, மகேந்திரகிரியோடு தொடர்புள்ள ஒரு பாடம் உண்டு. 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி3 ஏவப்பட்டது. கிரையோஜெனிக் கட்டத்தின் எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று எட்டியது. பிறகு வேகம் விழத் தொடங்கி, ஒரு வினாடிக்குள் நின்றுவிட்டது. ரோட்டர் சீலில் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது அழுத்தமும் வெப்ப அழுத்தமும் கூடி டர்பைன் உறை பிளந்திருக்கலாம் என்றது ஆய்வுக் குழு. பேரிங்குகளும் உறையும் சுருங்கி விரிவதைக் கணக்கில் கொண்டு பம்பு மறுவடிவமைக்கப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி5 வென்றது.

பூச்சுக்குப் பதில் சக்கரத்தையே பீங்கானில் வார்த்தால்? ஜப்பானின் நிசான் 1985-இல் ஃபேர்லேடி இசட் காரில் சிலிக்கான் நைட்ரைடு சக்கரத்தைக் கொண்டுவந்தது. நிக்கல் கலவையைவிட எடை பாதிக்கும் குறைவு, ஆகவே சுழன்றெழுவதும் வேகம். ஸ்கைலைன் ஜி.டி-ஆர் காரும் அதையே பயன்படுத்தியது. பூஸ்ட்டை ஏற்றி ஓட்டியவர்களிடம் அந்தச் சக்கரங்கள் உடைந்தன. பந்தயத்துக்கென்று வந்த என்1 வகையில் நிசானே உலோகச் சக்கரத்துக்குத் திரும்பியது.

கம்ப்ரசர் பக்கம்

இங்கே சொல்ல அதிகமில்லை. 35 டிகிரிக் காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது 190 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அதைக் குறைப்பது இன்டர்கூலரின் வேலை; கம்ப்ரசர் ஹவுசிங்கில் பூச்சு போட்டு அந்த வேலையைச் செய்ய முடியாது.

இன்னும் திறந்திருப்பவை

மேற்சொன்னவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பிளாஸ்மா முறையில் உட்புறம் பூசிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் ஹவுசிங்கும், பெரிய டர்போ கொண்ட வண்டி புறப்படும் நேரத்தில் சிறிது உதவக்கூடும். வெளிப்பூச்சும் பிளாங்கெட்டும் பக்கத்து உறுப்புகளைக் காப்பதற்கு. சக்கரத்தில் பூசுவதற்கு வலுவான நியாயம் இல்லை. மெல்லிய ஸ்பிரே பூச்சைத் துருத் தடுப்பாகவும் கதிர்வீச்சுக் குறைப்பாகவும் கருதுவதே பொருந்தும். அதை வைத்துத் திறன் கூடும் என்று சொல்வது மிகை. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சரியான அளவு டர்போவையும் இன்டர்கூலரையும் டியூனிங்கையும் முடித்துவிட்டுப் பூச்சுக்கு வருவது நல்லது.

தீராதவை இரண்டு. புறப்படும் நேரத்தில் கிடைப்பதாகச் சொல்லப்படும் ஆதாயம் வினாடியில் எவ்வளவு? பூச்சு எத்தனை ஓட்டங்கள் தாங்கும்? இரண்டாவது கேள்விக்கான பதில் பூச்சைவிட, அடித்தவர் உலோகத்தை எப்படிச் சுரண்டித் தயார் செய்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே பொது விடை கிடைப்பதே அரிது. முதல் கேள்வி அப்படியல்ல, அளந்து தீர்க்கக்கூடியது. ஒரே வண்டி, ஒரே டியூன், ஒரே நாள். பூசிய ஹவுசிங் ஒன்று, பூசாதது ஒன்று. டர்பைனுக்கு முன்னும் பின்னும் தெர்மோகப்பிள், பூஸ்ட் எழும் நேரத்துக்கு ஒரு பதிவுக் கருவி. இவை எஞ்சின் ஆய்வகம் உள்ள கல்லூரிகளில் கிடைப்பவைதான். பிஸ்டன் பூச்சில் இத்தனை ஆண்டுகள் உழைத்த தென்மாவட்டக் கல்லூரிகள், அடுத்த ஆண்டு மாணவர் திட்டங்களில் ஒன்றையேனும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் எண்களோடு வெளியிட வேண்டும்.